ஒரு நாள் நடைக்கு ஒரு சத்திரம்

ரயில் வருவதற்கு முன் ராமேசுவரம் போக வேண்டுமென்றால் மண்டபம் வரை நடக்க வேண்டும், அதன் பிறகு படகேற வேண்டும். வசதி உள்ளவர்கள் மாட்டு வண்டியிலும் பல்லக்கிலும் போனார்கள். மற்றவர்களுக்குக் கால்தான். காசியிலிருந்து கங்கை நீரைச் சுமந்து வந்து ராமநாதருக்கு அபிஷேகம் செய்வதும், சேதுக்கரை மணலை எடுத்துப்போய்க் கங்கையில் கரைப்பதும் ஒரே யாத்திரையின் இரண்டு பாதிகள். மராட்டியத்திலிருந்தும் தெலுங்கு நாட்டிலிருந்தும் வடக்கேயிருந்தும் வந்தவர்களில் பலர் தஞ்சாவூரைத் தொட்டு, ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை வழியாகக் கடற்கரைக்கு இறங்கி, மணமேல்குடி, மீமிசல், தொண்டி, தேவிபட்டினம் என்று கடலோரமாகவே தெற்கே போனார்கள். தஞ்சையிலிருந்து மட்டும் 200 கிலோமீட்டருக்கு மேல்.

இவர்களின் பக்தியைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். முன்பின் தெரியாத இத்தனை பேருக்கு வழியில் யார் சோறு போட்டார்கள், காய்ச்சல் வந்தால் யார் பார்த்தார்கள், நடுவழியில் இடுப்பு வலி எடுத்த பெண் எங்கே போனாள் என்பதைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. நான் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வரப்பிலும் வண்டிப்பாதையிலும் நடந்தே பணிக்காலம் கழிந்தது. அதனால் எனக்கு முதலில் தோன்றுகிற கேள்விகள் இவைதான். இந்தத் தை மாதம், அமாவாசைக்குச் சில நாள் முன்பு, தஞ்சையிலிருந்து ஒரத்தநாடு வரை அந்தப் பழைய வழியில் நடந்தேன். ஏறத்தாழ 23 கிலோமீட்டர். கைக்குழந்தையும் மூட்டையும் உள்ள குடும்பம் விடியலில் கிளம்பினால் பொழுது சாய்வதற்குள் போய்ச் சேரக்கூடிய தூரம் அது.

இருட்டோடு கிளம்பிப் புது ஆற்றுப் பாலத்தைத் தாண்டினேன். மேட்டூர் அணையை அடைக்கும் நாள் நெருங்கிவிட்டதால் தண்ணீர் இறங்கி ஓடியது. கல்லணைக் கால்வாய் என்கிற இந்தப் புது ஆறு 1934இல் மேட்டூர்த் திட்டத்தோடு வந்தது. அதற்கு முன் தஞ்சைக்குத் தெற்கே இருந்த இந்த மேட்டு நிலத்துக்குக் காவிரி எட்டவில்லை. வானத்தையும் ஏரியையும் நம்பிய பூமி. இன்று சூரக்கோட்டையைத் தாண்டினால் இரண்டு பக்கமும் சம்பா அறுவடை நடக்கிறது, அறுத்த வயலில் உளுந்து தலை காட்டுகிறது, வைக்கோல் கட்டுகள் சாலையோரம் அடுக்கிக் கிடக்கின்றன. 200 ஆண்டுகளுக்கு முன் இதே வழியில் வந்தவர்கள் காவிரிக் கரையின் பச்சையைத் தஞ்சையோடு விட்டுவிட்டு, தண்ணீர் தேடி நடக்க வேண்டிய சீமைக்குள் நுழைந்தார்கள். சத்திரம் இருப்பதும் இல்லாததும் இங்கே உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

அந்தச் சத்திரங்களைப் பெருமளவு கட்டியவர்கள் தஞ்சை மராட்டிய அரசர்கள். அரண்மனைப் பெண்களின் பெயரில் கட்டுவது அவர்கள் வழக்கம். நீடாமங்கலத்தில் யமுனாம்பாள் சத்திரம், மணமேல்குடியில் துரோபதையம்பாள் சத்திரம், ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் சத்திரம். அரசர் தெற்கே போரில் வென்றதைச் சொல்லும் தூண்கள் இந்த வழியில் எனக்குத் தெரிந்து இல்லை. அந்தப் பெண்களின் பெயரால் சோறு போட்ட வீடுகள்தான் வழிநெடுக இருந்திருக்கின்றன. ராமநாதபுரம் சீமைக்குள் நுழைந்துவிட்டால் பொறுப்பு சேதுபதிகளுடையது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதுரை முத்துகிருஷ்ணப்ப நாயக்கர் சடைக்கன் சேதுபதியை அந்தச் சீமைக்குத் தலைவராக்கியதே, வழிப்பறிக்காரர்களிடமிருந்து சேது யாத்திரிகர்களைக் காப்பதற்காகத்தான் என்று வரலாறு சொல்கிறது.

தஞ்சைச் சத்திரங்களுக்குள் என்ன நடந்தது என்பதை நாம் ஊகிக்க வேண்டியதில்லை. இரண்டாம் சரபோஜி மன்னரே எழுதி வைத்திருக்கிறார். 1799இல் கிழக்கிந்தியக் கம்பெனியோடு செய்த உடன்படிக்கையில் அவர் நாட்டின் நிர்வாகத்தைக் கொடுத்துவிட்டார். மிஞ்சியது தஞ்சைக் கோட்டையும், ஆண்டுக்கு 1 லட்சம் வராகனும், நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும். சத்திரங்களுக்கு மானியமாக விட்டிருந்த கிராமங்களும் கம்பெனியின் கணக்கில் போய்விடுமோ என்ற கவலை அவருக்கு. 1801இல் தஞ்சையிலிருந்த கம்பெனியின் ரெசிடெண்ட் பெஞ்சமின் டோரினுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். இந்தச் சத்திரங்கள் யாருக்கு என்ன செய்கின்றன என்பதை வரிசையாகச் சொன்னார்.

அந்தக் கடிதத்தின் செய்தியை என் வார்த்தையில் சொல்கிறேன். பிராமணர் முதல் பறையர் வரை வருகிற எல்லோருக்கும் சோறு உண்டு. யோகிகளுக்கும் ஜங்கமர்களுக்கும் பைராகிகளுக்கும் உண்டு. சமைத்ததை உண்ணாதவர்களுக்கு அரிசியும் சாமான்களும் அளந்து கொடுக்கப்படும். நள்ளிரவு வரை பரிமாறுவார்கள். பிறகு மணியடித்து, இன்னும் சாப்பிடாதவர்கள் யாராவது இருந்தால் வாருங்கள் என்று கூவி அழைப்பார்கள். சத்திரத்தில் பள்ளி ஆசிரியர் இருப்பார். தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளை அவர் பொறுப்பில் விட்டு, மூன்று வேளையும் சோறு போட்டு, நான்கு நாளைக்கு ஒருமுறை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவார்கள். நோய்க்கும், வீக்கத்துக்கும், விஷக்கடிக்கும் வைத்தியம் தெரிந்தவர்கள் இருப்பார்கள். நோயில் விழுந்தவர் தேறும்வரை மருந்தும் பத்தியச் சாப்பாடும் உண்டு. கைக்குழந்தைக்குப் பால் உண்டு. இறந்துபோனால் அவரவர் முறைப்படி இறுதிச் சடங்கு செய்யப்படும்.

வீக்கம், விஷக்கடி என்று தனியே குறிப்பிட்டிருப்பதைப் படித்தபோது என் மனம் நின்றுவிட்டது. வேளாங்கண்ணிக் கொடியேற்றத்தின்போது சாலையோர மருத்துவ முகாம்களில் நான் உட்கார்ந்திருக்கிறேன். நாள் முழுக்க நடந்து வருகிறவர்களுக்கு என்ன வரும் என்று எனக்குத் தெரியும். முதலில் பாதத்தில் கொப்புளம், பிறகு தொடை உரசிப் புண், அப்புறம் கணுக்காலுக்கு மேல் நீர் கோத்து வீங்கிப் பெருவிரலால் அமுக்கினால் குழி விழுகிற நிலை. இருட்டில் வரப்போரம் ஒதுங்கும்போது பூச்சிக்கடி. அந்தப் பட்டியலை யார் வகுத்தாரோ, அவர் நடப்பவர்களின் கால்களைக் குனிந்து பார்த்தவர். மேசையில் உட்கார்ந்து யோசித்தால் இந்த இரண்டு சொற்களும் வந்திருக்காது.

சரபோஜிக்கு மருத்துவத்தில் இருந்த ஈடுபாடு உலகறிந்தது. தன்வந்திரி மகால் என்று மருத்துவத்துக்கென்றே ஒரு நிலையம் வைத்திருந்தார். கண்நோயாளிகளுக்குச் செய்த சிகிச்சைகளைப் படம் வரைந்து எழுதிவைத்த குறிப்புகள் சரசுவதி மகால் நூலகத்தில் இன்றும் இருக்கின்றன. அந்த நூலகம் வெளியிட்ட சரபேந்திர வைத்திய முறைகள் வரிசையில் கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்குமான மருத்துவ நூல் ஒன்றும் உண்டு.

கர்ப்பிணிகளைப் பற்றிக் கடிதம் சொல்வதைத் தனியாகச் சொல்ல வேண்டும். வழியில் வலி எடுத்த பெண்ணைச் சத்திரத்தில் அன்போடு ஏற்றுக்கொண்டு, பிரசவச் செலவைச் சத்திரமே ஏற்று, மருந்து கொடுத்து, பிள்ளை பிறந்த பிறகு மூன்று மாதம் வரை அங்கேயே தங்க அனுமதிக்க வேண்டும். இன்றைக்கு அரசு மருத்துவமனையில் சுகப்பிரசவமான தாயை 48 மணி நேரமாவது வைத்திருங்கள் என்பது விதி. அதற்குள்ளேயே வீட்டுக்குப் போகிறேன் என்று துடிக்கிறவர்களைத் தடுத்து நிறுத்துவது என் வேலையில் பெரும்பாடு. வீடும் உறவும் இருக்கிறவள் போய்விடலாம். வீட்டைவிட்டுப் பல மாதத் தொலைவில் பிள்ளை பெற்றவள் எங்கே போவாள்? மூன்று மாதம் என்றால் குழந்தைக்குத் தலை நின்றுவிடும், தாய்க்கு உடம்பு தேறி மறுபடி நடக்க வலு வந்துவிடும். அதை எண்ணித்தான் அந்தக் கெடு வைத்திருக்க வேண்டும்.

முற்பகலில், ஒரு கிராமத்துக்கு வெளியே, புளிய மரத்தடியில் ஒரு சுமைதாங்கிக் கல் இருந்தது. நட்டுவைத்த இரண்டு கருங்கற்கள், அவற்றின் மேல் குறுக்கே ஒரு பலகைக்கல். என் தோள் உயரம். தலைச்சுமையோடு வருகிறவர் யாருடைய உதவியும் இல்லாமல், குனியாமல், தலையைச் சற்று முன்னே சாய்த்தால் மூட்டை கல்லின் மேல் தானாக நகர்ந்துவிடும். திரும்ப ஏற்றிக்கொள்வதும் அப்படியே. மேல் கல்லின் நடுப்பகுதி எத்தனையோ மூட்டைகள் உரசி வழவழவென்று தேய்ந்திருந்தது. ஓரங்களில் உளி பட்ட சொரசொரப்பு இன்னும் இருந்தது. ஒரு காலில் எழுத்துபோல் ஏதோ வெட்டு, சுண்ணாம்பு பூசிப் பூசி அடைந்துவிட்டது. கல்லின் பாதி உயரத்துக்குச் சாலையின் மண் ஏறாமல் இருந்தது அதிர்ஷ்டம். பல இடங்களில் சாலையை உயர்த்தி உயர்த்திக் கல் முழங்கால் உயரத்துக்குப் போய்விட்டது.

இந்தக் கற்களை யார் வைத்தார்கள் என்பது கிராமத்துப் பெரியவர்களுக்குத் தெரியும். வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அவள் வீட்டார் வைப்பது. இறக்கி வைக்க முடியாமல் போன சுமையோடு அவள் போய்விட்டாள், வழியில் போகிற மற்றவர்களாவது இறக்கி வைக்கட்டும் என்பது அந்த வழக்கத்துக்குள் இருக்கிற எண்ணம். என் பணிக்காலத்தில் ஒவ்வொரு தாய் மரணத்துக்கும் விசாரணை உண்டு. எந்த வாரத்தில் பதிவு செய்தாள், ரத்த அழுத்தம் எவ்வளவு, எத்தனை மணிக்கு வண்டி வந்தது என்று எல்லாவற்றையும் எழுதிக் கொடுப்போம். அந்தக் காகிதங்கள் கோப்புக்குள் போய்விடும். இந்தக் கல் அப்படிப் போகவில்லை. ஒவ்வொரு சேது வழியிலும் இருந்த சுமைதாங்கிகளை எண்ணியிருந்தால், தாய் மரணத்துக்கு நம் நாட்டில் எழுதப்பட்ட மிகப் பழைய கணக்கு அதுவாகத்தான் இருந்திருக்கும்.

கல்லுக்குப் பக்கத்து வயலில் கதிர் அறுக்கும் இயந்திரம் போன பிறகு சிந்திய கதிர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு அம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

“நர்சம்மா, பஸ் வரலியா? இப்புடி வெயில்ல நடந்து வர்றீங்க?”

“நடக்கணும்னுதான் வந்தேன்க்கா. ஒரத்தநாடு சத்திரம் வரைக்கும்.”

“சத்திரமா? எங்க மாமியா சொல்லும், அவுங்க ஆத்தா காலத்துல ராமேசுவரம் போறவுங்க பாட்டுப் பாடிக்கிட்டே கும்பலாப் போவாங்களாம். திண்ணையில படுக்கவச்சு, கூழு ஊத்தி அனுப்புவாங்களாம். குடிச்சுட்டுப் போங்க, நீராகாரம் இருக்கு.”

மோர் கலந்து உப்புப் போட்ட நீராகாரம். வெயிலில் நடப்பவர்களுக்கு நாங்கள் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கொடுத்து எதைச் செய்யச் சொல்கிறோமோ, அதைத்தான் அந்தத் தூக்குவாளி செய்துகொண்டிருந்தது. சத்திரங்கள் அரசர் கட்டியவை என்றாலும், இரண்டு சத்திரங்களுக்கு நடுவே உள்ள வழியைத் தாங்கியது இந்தத் திண்ணைகளும் தண்ணீர்ப்பந்தல்களும்தான். அவற்றுக்கு மானியமும் இல்லை, பெயரும் இல்லை.

அந்தக் காலத்தை நான் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. எல்லாச் சாதிக்கும் சோறு உண்டு என்று கடிதம் சொல்கிறது, எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்தார்கள் என்று சொல்லவில்லை. சத்திரத்தில் நான்கு வேதங்களுக்கும் ஆசிரியர்கள் இருந்தார்கள், அந்த வகுப்பில் யார் உட்கார முடியும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. யாத்திரை வழிகள் நோயையும் சுமந்து வந்தன. 1817இல் வங்கத்தில் கிளம்பிய வாந்திபேதி அடுத்த ஆண்டே சென்னை மாகாணத்துக்குள் வந்துவிட்டது. அதற்குப் பிறகு வந்த கொள்ளைநோய் ஒவ்வொன்றிலும் கும்பலாக நடந்தவர்களும், ஒரே குளத்தில் குடித்துக் குளித்தவர்களும்தான் முதலில் விழுந்தார்கள். நீரில் கிருமி இருக்கிறது என்று அன்று யாருக்கும் தெரியாது. சத்திரத்து வைத்தியரின் மருந்து அதற்கு ஈடு கொடுத்திருக்காது. ஆனாலும் நோய் வந்தவனைச் சாலையில் விட்டுவிடாமல் படுக்கவைக்க ஓர் இடமும், செத்தால் அடக்கம் செய்ய ஒரு கையும் வேண்டும் என்று சட்டம்போல் எழுதிவைத்த ஓர் ஏற்பாடு இருந்தது. அதற்கு நிலம் ஒதுக்கி, ஆள் நியமித்து, கணக்கும் எழுதினார்கள். எனக்கு அதுதான் பெரிது.

வெயில் தணிந்த பிறகு ஒரத்தநாட்டை அடைந்தேன். இந்த ஊருக்கு முக்தாம்பாள்புரம் என்றும் பெயர். முக்தாம்பாள் சரபோஜியின் அன்புக்குரியவர், பட்டத்தரசி அல்லர். சாகும் தறுவாயில் நகையோ சமாதியோ கேட்காமல், தன் பெயரில் ஒரு சத்திரம் வேண்டும் என்று கேட்டதாகச் சொல்வார்கள். 1802இல் சத்திரம் எழுந்தது. அதாவது, மானியக் கிராமங்களைக் காப்பாற்றக் கடிதம் எழுதிய மறு ஆண்டு. நாட்டை இழந்த அரசர், கையில் இருந்த கொஞ்சத்தையும் வழிப்போக்கர்களுக்குச் செலவிட்ட ஆண்டு அது. அங்கே சாப்பாட்டோடு இலவசக் கல்வியும் கொடுத்தார்கள். பக்கத்திலேயே கண்ணந்தங்குடியில் ஏழைக் கிறிஸ்தவப் பிள்ளைகளைப் பராமரிக்கவும் அவர் ஏற்பாடு செய்தார். இளவயதில் அவரை வளர்த்துக் கல்வி கொடுத்தவர்களில் ஒருவர் ஸ்வார்ட்ஸ் பாதிரியார் என்பது நினைவுக்கு வர வேண்டிய இடம்.

கட்டடம் மிகப் பெரியது. கீழே கருங்கல், மேலே செங்கல்லும் சுண்ணாம்பும், உள்ளே முற்றங்களும் மரத்தூண்களும். வெளிச்சுவரின் அடியில் யானையும் குதிரையும் சக்கரமும் செதுக்கி, மொத்தக் கட்டடமே ஒரு தேர் என்று தோன்றும்படி அமைத்திருக்கிறார்கள். தேரில் ஏறுவது தெய்வம். இந்தத் தேரில் ஏறியது, புழுதிக் காலோடு வந்து திண்ணையில் படுத்தவர்கள். கட்டியவர்கள் அதை உணர்ந்தே செய்திருக்கிறார்கள் என்று நான் நம்புகிறேன்.

முடிவு மெதுவாக வந்தது. 1855இல் சரபோஜியின் மகன் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார், தஞ்சை அரசு முடிந்தது. சத்திரங்கள் கலெக்டர் பொறுப்புக்கும், பிற்பாடு ஜில்லா போர்டுக்கும் போயின. 1861இல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சைக்கு ரயில் வந்தது. 1894இல் ஜில்லா போர்டே பணம் போட்டு மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டைக்கு ரயில் விட்டது. 1914 பிப்ரவரி 24இல் பாம்பன் பாலம் திறந்ததும், மாதக் கணக்கில் நடந்த தூரத்தைப் படுத்துக்கொண்டே போகலாம் என்றாகிவிட்டது. நடப்பவர்கள் குறைந்தார்கள், அடுப்புகள் அணைந்தன. ஒரத்தநாடு சத்திரத்தில் நீண்டகாலம் பள்ளியும் மாணவர் விடுதியும் நடந்ததால் அது இடியாமல் தப்பியது. பசித்தவர்களுக்கென்று கட்டிய இடத்தில் ஏழைப் பிள்ளைகள் சாப்பிட்டுப் படித்தார்கள் என்பதில் எனக்கு நிறைவு உண்டு. சுவரில் வேர் விட்டிருக்கிற அரசங்கன்றுகளைப் பார்க்கும்போது அந்த நிறைவு போதவில்லை.

நடக்கும் வழக்கம் சாகவில்லை. தைப்பூசத்துக்குப் பழனிக்கும், பங்குனி சித்திரையில் சமயபுரத்துக்கும், ஆவணியில் வேளாங்கண்ணிக்கும் லட்சக்கணக்கில் நடக்கிறார்கள். வழியில் இட்லியும் மோரும் கொடுக்கப் பந்தல்கள் எழுகின்றன. சோற்றுக்குக் குறைவில்லை. ஆனால் முகாமில் உட்கார்ந்த அனுபவத்தில் சொல்கிறேன், இரவில் பெண்கள் பயமில்லாமல் படுக்க இடம் இல்லை. கழிப்பறை இல்லாததால் தண்ணீர் குடிக்காமலே நடந்து மயங்கி விழுகிற பெண்களை ஒவ்வோர் ஆண்டும் பார்த்தேன். 1801இல் நினைத்துப் பார்த்து எழுதிய அக்கறையின் அளவுக்கு நம் பந்தல்கள் இன்னும் வந்து சேரவில்லை.

ஆகவே இரண்டு வேண்டுகோள். சத்திரக் கட்டடங்களைப் பொறுப்பில் வைத்திருப்பவர்கள் அவற்றைப் பழுது பார்ப்பதோடு, யாத்திரை மாதங்களிலாவது ஒரு பகுதியை நடப்பவர்களுக்குத் திறந்துவிட வேண்டும். பெண்களுக்கு ஒரு கூடம், கழிப்பறை, ஒரு செவிலியர் போதும். இரண்டாவது உங்களுக்கு. உங்கள் ஊர்ச் சாலையில் சுமைதாங்கிக் கல் இருந்தால் அதைப் படம் எடுங்கள், யார் நினைவாக வைத்தது என்று பெரியவர்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சாலையை அகலப்படுத்த வருகிறார்கள் என்று தெரிந்தால், கல்லை உடைக்காமல் ஓரமாக நகர்த்தி நட வேண்டும் என்று கிராம சபையில் தீர்மானம் போடச் சொல்லுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. மனு எழுத ஒரு பக்கம் போதும்.